மெட்ரோ வரும் பின்னே, வாடகை ஏறும் முன்னே: பெருங்களத்தூரில் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சென்னையிலிருந்து தெற்கே பஸ் ஏறிய யாருக்கும் பெருங்களத்தூரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் பெட்டியோடு மணிக்கணக்கில் நின்ற ஊர் அது. இன்றைக்கு அதே ஊரில் நம்ம வாசகர்கள் நிறைய பேர் வாடகைக்கு இருக்காங்க, இல்லையென்றால் ஃப்ளாட் பார்த்துக்கிட்டு இருக்காங்க. காரணம் தெரிந்ததுதான்: புறநகர் ரயில் இருக்கு, ஐடி பார்க் இருக்கு, பக்கத்தில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் வந்தாச்சு, அடுத்து மெட்ரோ வரப்போகுது.

இந்தக் கடைசி வரியைத்தான் இன்னைக்கு பிரித்துப் பார்க்கப் போறோம். "மெட்ரோ வரப்போகுது" என்ற இரண்டே வார்த்தைக்கு நீங்கள் எவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள்? அந்தப் பணம் யாருக்குப் போகுது? மெட்ரோ நிஜமாகவே வரும் நாளில் நீங்கள் அந்த ஏரியாவில் இருப்பீர்களா?

முதலில், எது வந்தாச்சு, எது இன்னும் வரலை?

சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்தது. பெருங்களத்தூர் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். பீச்சிலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு பக்கம் போகும் ரயில் மட்டும்தான் பெருங்களத்தூர் வரும். அதனால் தாம்பரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் ரயில் எண்ணிக்கை பெருங்களத்தூர்காரருக்குக் கிடைக்காது. வீடு பார்க்கும்போது புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். டைம்டேபிளை நீங்களே பார்த்துக்கணும்.

ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்த வளாகம் இன்னைக்கு ஐடி பார்க்காகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியிருக்கு. பேரூராட்சியாக இருந்த பெருங்களத்தூர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியானது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. செலவு சுமார் ரூ.394 கோடி. ஆனால் பஸ் முனையம் திறந்த அன்று அதன் எதிரே ரயில் நிலையம் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஊரிலிருந்து வந்து இறங்கி, ஆட்டோவிடம் பேரம் பேசியவர்களுக்கு அந்த இடைவெளியின் விலை நல்லாவே தெரியும்.

மெட்ரோவுக்கு வருவோம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டிப்பு: 15.46 கிலோமீட்டர், 13 ஸ்டேஷன்கள், 2025 மதிப்பீட்டில் ரூ.9,335 கோடி. பெருங்களத்தூரும் அந்த 13-ல் ஒன்று. நிலம் எடுப்பது போன்ற முதற்கட்ட வேலைகளுக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு மெட்ரோ பாதைக்கு மத்திய அரசு ஒப்புதல், வெளிநாட்டுக் கடன், டெண்டர், கட்டுமானம், சோதனை ஓட்டம் என்று பெரிய வரிசையே இருக்கு.

எவ்வளவு காலம் ஆகும்? பழைய அனுபவத்தைப் பார்ப்போம்.

• முதல் கட்ட மெட்ரோ: வேலை 2009-ல் தொடங்கியது. முதல் ரயில் 2015 ஜூனில் ஓடியது. விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பரில்தான் போனது.
• இரண்டாம் கட்டம்: அடிக்கல் 2020 நவம்பர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர். நடுவில் நான்கு வருடம்.
• வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில்: மொத்தமே சுமார் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சனையில் சிக்கி 15 வருடத்துக்கு மேல் இழுத்தது. "ஸ்டேஷன் பக்கத்தில்" என்று நம்பி அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் கடனில் பாதியைக் கட்டிய பிறகும் தூணை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அதனால் எல்லாம் சரியாக நடந்தாலே ஏழு வருடம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அதற்குக் குறைவாக யாராவது சொன்னால், அவருக்கு விற்க ஏதோ இருக்கு என்று அர்த்தம்.

வாங்குபவர் கணக்கு: வராத ரயிலுக்கு மாதா மாதம் டிக்கெட்

ஒரு உதாரணம். ஒரே மாதிரி இரண்டு ஃப்ளாட். ஒன்று, மெட்ரோ ஸ்டேஷன் வரும் என்று சொல்லப்படும் இடத்தில். இன்னொன்று, கொஞ்சம் தள்ளி. முதல் ஃப்ளாட்டுக்கு ரூ.8 லட்சம் கூட கேட்கிறார்கள். இந்த 8 லட்சத்தையும் கடனில் சேர்த்துவிட்டீர்கள். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம்.

இந்த 8 லட்சத்துக்கு மட்டும் இஎம்ஐ சுமார் ரூ.6,943. ஏழு வருடத்தில் ரூ.5.83 லட்சம் கட்டியிருப்பீர்கள், மெட்ரோவில் ஒரு நாள்கூட ஏறாமல். இருபது வருடமும் கட்டி முடித்தால் அந்த 8 லட்சம் ரூ.16.66 லட்சமாக ஆகியிருக்கும்.

"அதுக்குள்ள விலை ஏறிடுமே?" என்று கேட்பீர்கள். ஏறலாம். ஆனால் வரப்போகிற வசதியின் விலையை இன்றைக்கே நீங்கள் பில்டருக்குக் கொடுத்தாச்சு. ஏற்றத்தின் முதல் லாபம் அவருடையது, அவருக்கு முன்னால் நிலம் வைத்திருந்தவருடையது. நீங்கள் வாங்கியது மிச்ச ஏற்றத்தை மட்டும். தாமதத்தின் ரிஸ்க் மட்டும் முழுசாக உங்களுடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு இன்றைக்கு புறநகர் ரயிலில் போக வர ரூ.20-க்குள் முடிந்துவிடும். மெட்ரோவில் இப்போதைய அதிகபட்ச கட்டணம் ஒரு வழிக்கு ரூ.50. மெட்ரோவில் கூட்டம் குறைவு, ஏசி இருக்கு, அடிக்கடி வரும். அதெல்லாம் உண்மை. ஆனால் அது உங்கள் பயணச் செலவைக் குறைக்கும் என்று நினைத்து 8 லட்சம் கொடுக்க வேண்டாம். குறைக்காது.

வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை என்ற பழைய வாதமும் நிறைய பேருக்குப் பொருந்தாது. புதிய வரி முறையில், நீங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025–26 நிதியாண்டு முதல் ரூ.12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு அந்த முறையில் வரியே இல்லை. மிச்சப்படுத்த வரியே இல்லாதபோது எதற்கு வரிச்சலுகையைக் காட்டி வீடு விற்கிறார்கள்?

பதிவுச் செலவையும் மறக்காதீங்க. புது ஃப்ளாட் முதல் விற்பனைக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து ரூ.50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் ரூ.3 கோடி வரை 7 சதவீதம். பழைய ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் 9 சதவீதம்.

வாடகைக்காரர் கணக்கு: வீடு + பயணம்

அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு ஆய்வு மையம் வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் முறையை உருவாக்கியது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் அளவுகோல். ஊருக்கும் பணம் அனுப்பவேண்டிய நம்ம ஆட்களுக்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கையில் வரும் சம்பளம் ரூ.45,000. வேலை கிண்டியில். மாதம் 22 நாள். வாடகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

• வீடு அ: ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். வாடகை ரூ.13,000, ரயில் ரூ.440. மொத்தம் ரூ.13,440. சம்பளத்தில் 30 சதவீதம்.
• வீடு ஆ: நான்கு கிலோமீட்டர் உள்ளே. வாடகை ரூ.10,000. ஸ்டேஷனுக்குப் போக நம்பிக்கையான பஸ் இல்லை, அதனால் பைக். பைக் இஎம்ஐ ரூ.3,200, பெட்ரோல் ரூ.1,950, சர்வீஸ், இன்ஷூரன்ஸ் ரூ.600. மொத்தம் ரூ.15,750. சம்பளத்தில் 35 சதவீதம்.

வாடகை மூவாயிரம் குறைவு என்று உள்ளே போனவர், மாதம் ரூ.2,310 கூடுதலாகச் செலவு பண்றார். ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஓட்டும் அலுப்பு தனி.

இப்போது மெட்ரோ பேச்சு சூடு பிடிக்குது. வீடு அ-வின் ஓனர் வாடகையை ரூ.16,500 ஆக்குகிறார். மொத்தம் ரூ.16,940. வீடு ஆ இப்போது மலிவாகத் தெரியுது. நீங்கள் பெட்டியைக் கட்டுகிறீர்கள். உங்கள் இடத்துக்கு வருபவர் யார்? பெரும்பாலும் அந்த வாடகை பெரிய விஷயமாகத் தெரியாத, கார் வைத்திருக்கும் ஒருவர்.

இதுதான் விஷயத்தின் மையம். தினமும் ரயில் ஏறியவர் ரயிலை விட்டுத் தூரம் போகிறார். ரயில் ஏறத் தேவையில்லாதவர் ஸ்டேஷன் வாசலில் குடிவருகிறார். பல்லாயிரம் கோடி பொதுப்பணத்தில் வரும் மெட்ரோ, யாருக்கு மிகவும் தேவையோ அவரைத் தள்ளிவிட்டுத்தான் வந்து நிற்கும்.

உங்களுக்கே இந்த நிலை என்றால், உங்கள் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் பண்ணும் அக்காவையும், ஸ்டேஷன் வாசலில் பூ விற்பவரையும் யோசித்துப் பாருங்கள். மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் பைக் இஎம்ஐ கட்ட முடியாது. அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு ஒரு பெண் மாதம் சராசரியாக ரூ.888 மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. சிலருக்கு ஒரு பஸ் பயணம் எவ்வளவு பெரிய சம்பள உயர்வு என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

தள்ளிப் போகிறவர்கள் எங்கே போவார்கள் என்பதும் முக்கியம். பெருங்களத்தூரில் கட்டுப்படியாகாதவருக்கு அடுத்த வாய்ப்பாகத் தெரிவது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த பகுதிகள் அவை. வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரே மழையில் பைக், ஃப்ரிட்ஜ், மெத்தை என்று போய்விடும்.

இதை வேறு மாதிரி செய்ய முடியாதா?

முடியும். ஸ்டேஷனைச் சுற்றி நெருக்கமாக, நடந்து போகும் தூரத்தில் வீடும் கடையும் வேலையும் அமைப்பதை நகரத் திட்டமிடுபவர்கள் பொதுப் போக்குவரத்தைச் சார்ந்த வளர்ச்சி என்கிறார்கள். 2017-ல் வந்த மத்திய அரசின் மெட்ரோ கொள்கையே இதை வலியுறுத்துகிறது. மெட்ரோவால் ஏறும் நில மதிப்பில் ஒரு பகுதியை அரசு திரும்ப வசூலிக்கணும் என்றும் சொல்கிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே ஸ்டேஷன் மேல் கட்டடம் கட்டி, அந்த வருமானத்தில் ரயில் பாதை போட்டது. சிங்கப்பூரில் மக்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் அரசு கட்டிய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். அந்தக் குடியிருப்பு நகரங்கள் ரயிலையும் பஸ் நிலையத்தையும் மையமாக வைத்துத் திட்டமிடப்பட்டவை.

நம்ம ஊரில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ். கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வீடு கிடைத்தது, வேலைக்குப் போகும் வழி நீண்டது.

நல்ல உதாரணமும் பக்கத்திலேயே இருக்கு. மாநில அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. இரண்டுமே இதே ரயில் பாதையில் உள்ள ஊர்கள். வேலைக்குப் போகும் பெண்கள் நியாயமான வாடகையில் ரயில் பாதையை ஒட்டியே தங்கலாம். இதே மாதிரி வாடகை வீடுகள் ஆண்களுக்கும், சின்னக் குடும்பங்களுக்கும், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே ஏன் வரக்கூடாது?

பணம் எங்கே என்று கேட்டால், அதற்கும் வழி இருக்கு. அகலமான ரோட்டில் கூடுதல் தளம் கட்ட பில்டர்கள் அரசுக்குப் 'பிரீமியம் எஃப்எஸ்ஐ' கட்டணம் கட்டுகிறார்கள். 2019 விதிகளின்படி வழக்கமான அளவுக்கு மேல் 50 சதவீதம் வரை இப்படி வாங்கலாம். மெட்ரோ பாதையில் கிடைக்கும் இந்தப் பணத்தில் ஒரு பங்கு அதே பாதையில் குறைந்த வாடகை வீடுகளுக்கும், நடைபாதைக்கும், சிற்றுந்துக்கும் திரும்பி வரணும். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

சிற்றுந்து என்றதும் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. மேலே உள்ள வீடு ஆ-வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு ஒழுங்காக பஸ் ஓடி, போக வர நாளைக்கு ரூ.40 ஆனால், மாதம் ரூ.880. ரயில் ரூ.440. பைக்கே வேண்டாம். மொத்தச் செலவு ரூ.15,750-லிருந்து ரூ.11,320-க்கு இறங்கும். மாதம் ரூ.4,430 மிச்சம். ஒன்பதாயிரம் கோடி மெட்ரோ வருவதற்கு முன்னாலேயே, நாலு சிற்றுந்து இதைச் செய்துவிடும்.

பழைய ரயிலையும் காப்பாற்றணும். 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏசி மின்சார ரயில் வந்தது. பீச்–தாம்பரம் சாதா ரயிலில் ரூ.10, ஏசியில் ரூ.85. வசதி வேண்டியவர் கூடக் கொடுத்துப் போகட்டும், தப்பில்லை. ஆனால் புது வசதி வந்தது என்பதற்காகப் பத்து ரூபாய் ரயில் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

சரி, நீங்கள் என்ன பண்ணலாம்?

1. வாடகைக்கு இருந்தால், ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். 11 மாதத்துக்குப் பதிலாக இரண்டு, மூன்று வருடம் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதை அதிலேயே எழுதுங்கள். மெட்ரோ செய்தி வந்தது என்று நடுவில் ஏற்ற முடியாது.

2. அட்வான்ஸில் ஏமாறாதீங்க. மூன்று மாத வாடகைதான் சட்டத்தின் அளவு. ஆனால் ஒப்பந்தத்தில் அதைவிட அதிகமான தொகைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள்.

3. வாங்குவதாக இருந்தால், இன்றைக்கு இருக்கும் வசதிக்கு மட்டும் விலை கொடுங்கள். "மெட்ரோவே வராவிட்டாலும் இந்த விலைக்கு இந்த வீடு எனக்குச் சரியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வாங்கலாம். தயங்கினால், நீங்கள் வீடு வாங்கவில்லை, ஊகத்தில் பணம் போடுகிறீர்கள்.

4. "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்பதை நடந்து பாருங்கள். காலை எட்டரைக்கு, பையோடு. மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை. விளம்பரத்தின் ஐந்து நிமிடம் பல சமயம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு காலி ரோட்டில் காரில் போகிற ஐந்து நிமிடம்.

5. உங்கள் வார்டில் வாயைத் திறங்கள். மாநகராட்சிகளில் இப்போது வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கு. 2022 நவம்பர் 1-ல் முதலமைச்சர் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. சென்னைப் பெருநகருக்கான 2027–2046 மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கும் மக்கள் கருத்து முக்கியம். வாடகைக்கு இருப்பவர் "நமக்கு என்ன, நாளைக்குப் போயிடுவோம்" என்று நினைப்பதால்தான் கூட்டத்தில் நிலம் வைத்திருப்பவர் குரல் மட்டும் கேட்குது. நடைபாதை, சிற்றுந்து, ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வீடு: இந்த மூன்றையும் கேளுங்கள்.

பெருங்களத்தூருக்கு மெட்ரோ வரணும். சீக்கிரம் வரணும். அது வரும்போது, இன்றைக்குக் காலை ஏழரை ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர் அந்த பிளாட்பாரத்தில் நிற்கணும். அதுவரை, உங்கள் இஎம்ஐ இன்றைக்கு ஓடும் ரயிலுக்கு மட்டும் இருக்கட்டும்.

உங்கள் வீடு + பயணம் கணக்கு சம்பளத்தில் எத்தனை சதவீதம் வருது? ஏரியா பெயரோடு கமென்ட்டில் எழுதுங்க. அதிகம் பேர் கேட்கும் ஏரியாவுக்கு இதே கணக்கை அடுத்த வீடியோவில் போட்டுப் பார்ப்போம்.